ஊசிமுனையும் மரங்கொத்தியும்

மார்ச் 2

கத்தரி மென்பொருளின் வழிகாட்டி ஐயாவுக்கு,

என்னை உங்களுக்குத் தெரியாது. உங்களை எனக்குப் படத்தில் தெரியும். நான் ஊசிமுனையின் பாட்டி. கணினியில் அவள் அந்தப் பெயரில்தான் உங்களுக்கு எழுதுகிறாள். அவளுக்குத் தெரியாமல்தான் இந்தக் கடிதம். உங்கள் பக்கத்தின் அடியிலிருந்த தபால் முகவரியை நகல் எடுக்கும் கடைக்காரி பார்த்து எழுதிக் கொடுத்தாள்.

நான் ஐந்தாவது வரைக்கும்தான் படித்தவள். ஆனால் முப்பத்தெட்டு வருஷமாகத் தையல்கடை வைத்திருக்கிறேன், இன்றைக்கும் வெட்டுவது என் கைதான். அதனால் உங்கள் மென்பொருள் என்ன செய்கிறது என்று பேத்தி ஒரு தடவை சொன்னதுமே எனக்குப் புரிந்துவிட்டது. உடம்பு அளவைக் கொடுத்தால் கழுத்து, கை, முன்பக்கம், பின்பக்கம் என்று வெட்டவேண்டிய துண்டுகளை வரைந்து கொடுக்கிறது. யார் வேண்டுமானாலும் சும்மா எடுத்துக்கொள்ளலாம், யார் வேண்டுமானாலும் உள்ளே கைவைத்துத் திருத்தலாம். தொழில் ரகசியத்தை இப்படியா தெருவில் வைப்பார்கள் என்று தலையில் அடித்துக்கொண்டேன். போகட்டும், அது உங்கள் பாடு.

விஷயத்துக்கு வருகிறேன். வருஷா வருஷம் மாணவர்கள் சிலரைத் தேர்ந்தெடுத்து, மூன்று மாதம் கூடவே நின்று வேலை பழக்குவீர்களாமே. செய்யவேண்டிய வேலைகளுக்கு ஒரு பட்டியலும் போட்டிருக்கிறீர்கள். அதில், வரைந்த துண்டுகளைத் துணி வீணாகாமல் துணிமேல் அடுக்கிக் காட்டும் வேலையைத் தான் எடுத்துக்கொள்வதாக என் பேத்தி நாலு வரி எழுதிப் போட்டாள். மறுநாளே மரங்கொத்தி என்று ஒரு பையன் அதே வேலையைத் தான் செய்யப்போவதாக முப்பது பக்கம் போட்டிருக்கிறான். ஒரு வேலைக்கு ஒருவர்தான் என்பது உங்கள் விதியாம். இவளுடையதைப் பார்த்துத்தான் அவன் எழுதினான் என்று நான் சொல்கிறேன். பேத்தி அப்படிச் சொல்லவில்லை. அவள் சாப்பாட்டுத் தட்டில் விரலால் கோலம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

ஏப்ரல் முப்பதாம் தேதி முடிவு வருமாம். அன்றைக்கு இவள் பெயர் வராவிட்டால், என் மகன் பார்த்து வைத்திருக்கிற மருத்துவமனை வரவேற்பு மேசையில் மே மாதமே போய் உட்காருவதாக அப்பாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறாள். தப்பான வேலை இல்லை. ஆனால் "யாரைப் பார்க்கணும், இடது பக்கம் போங்க" என்று நாள் முழுக்கச் சொல்லப் பிறந்தவள் இல்லை அவள்.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்று நினைப்பீர்கள். நாலு மாதமாக அவள் செய்து வைத்திருப்பதைப் பார்த்தால் அப்படி நினைக்கமாட்டீர்கள். ஆனால் பார்க்க முடியாது. முழுசாக முடிகிறவரை ஒருத்தர் கண்ணிலும் காட்டாதே என்று நான்தான் சொல்லி வைத்திருக்கிறேன். கடை ஆரம்பித்த புதிதில் நான் புது மாதிரியில் வெட்டிய ரவிக்கைக் கை ஒன்று அடுத்த வாரமே எதிர்க்கடைக் கண்ணாடிக்குள் தொங்கியது. அன்றிலிருந்து வெட்டுமேசைமேல் போர்வையைப் போடாமல் நான் டீ குடிக்கக்கூட நகர்ந்ததில்லை.

மரங்கொத்தியின் முப்பது பக்கத்தையும் பேத்தி எனக்குப் படித்துச் சொன்னாள். கெட்டிக்காரன்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் துணியைக் காகிதம் என்று நினைத்துவிட்டான். காகிதத்தை எப்படித் திருப்பி வைத்தும் வெட்டலாம். துணிக்கு நூலோட்டம், அதாவது நெய்த நூல் ஓடுகிற திசை, என்று ஒன்று இருக்கிறது. அதற்குக் கோணலாக வெட்டினால் நாலு தடவை துவைத்ததும் சட்டை முறுக்கிக்கொண்டு நிற்கும். கோடுபோட்ட துணி என்றால் முன்பக்கத்து இரண்டு துண்டும் பொத்தான் போடுகிற இடத்தில் கோடு சேரவேண்டும். இடம் மிச்சமாகிறதே என்று துண்டைத் திருப்பி வைத்தால் ஒரு பக்கம் மழை நேராகப் பெய்யும், மறுபக்கம் சாய்ந்து பெய்யும். இதையெல்லாம் என் பேத்தி யோசித்திருக்கிறாள்.

உங்கள் படத்தைப் பார்த்தே அளவு எடுத்து ஒரு சட்டை தைத்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். நல்ல முடிவாக எடுங்கள். இந்தக் கடிதம் நமக்குள்ளேயே இருக்கட்டும்.

ஊசிமுனையின் பாட்டி


மார்ச் 9

அன்புள்ள அம்மா,

கையால் தமிழ் எழுதிப் பல வருடங்களாகிவிட்டன. கோழி கிளறியது போல இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சட்டை. விண்ணப்பிப்பவர்களின் வீட்டிலிருந்து நாங்கள் எதையும் வாங்கக் கூடாது. திருப்பி அனுப்புகிறேன். ஒரு தடவை போட்டுப் பார்த்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். தோள் அப்படியே பொருந்தியது. வயிற்றுப் பக்கம் மூன்று பொத்தான்கள் எட்டவில்லை. அந்தப் படம் பதினோரு வருடப் பழையது.

அடுத்ததைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. நமக்குள்ளேயே இருக்கட்டும் என்று எழுதியிருந்தீர்கள். இங்கே அது முடியாது. ஒரு விண்ணப்பத்தைப் பற்றி எங்களிடம் யார் எதைச் சொன்னாலும் அது எல்லாரும் படிக்கும் பொதுப்பக்கத்தில் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் மற்ற மாணவர்களுக்கு அநியாயம். உங்கள் முகவரியை மட்டும் மறைத்துவிட்டு, கடிதத்தை அப்படியே அங்கே போட்டுவிட்டேன். சட்டை வந்ததையும் போட்டேன். பொத்தான் விஷயம் உட்பட.

மரங்கொத்தி யாரையும் பார்த்து எழுதவில்லை. ஜனவரியிலிருந்து வாரம் இரண்டு முறை தன் வேலையை அரைகுறையாகவே எங்களிடம் காட்டிக்கொண்டிருக்கிறார். தேதி வாரியாக எல்லாம் பக்கத்தில் இருக்கிறது. பட்டியல் ஒன்று, பார்ப்பவர்கள் ஆயிரம் பேர். இரண்டு பேர் ஒரே வேலையைக் கேட்பது வருடா வருடம் நடப்பதுதான். நீங்களே பேசிப் பிரித்துக்கொள்ளுங்கள் என்று அவர்களிடம் சொல்லிவிடுவோம்.

ஆனால் ஊசிமுனையிடம் பிரிக்க என்ன இருக்கிறது? நாலு வரி இருக்கிறது. நாலு மாத வேலை ஒன்று இருப்பதே உங்கள் கடிதத்தைப் படித்துத்தான் எனக்குத் தெரியும். நாங்கள் பார்க்காததை நாங்கள் தேர்ந்தெடுக்க முடியாது அம்மா. விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் மார்ச் 31.

இப்படிக்கு,
வழிகாட்டி


மார்ச் 14

தம்பி,

ஐயா என்று எழுதியது போன கடிதத்தோடு சரி. வீட்டுக் கடிதத்தை எடுத்துத் தெருச்சுவரில் ஒட்டினவரை ஐயா என்று கூப்பிட என் பேனா ஒத்துக்கொள்ளவில்லை.

உங்கள் கடிதம் வருவதற்கு முன்னாலேயே விஷயம் வீட்டுக்கு வந்துவிட்டது. கல்லூரியிலிருந்து வந்த பேத்தி செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நான் யாருக்காவது சட்டை தைத்துக் கொடுத்தேனா என்று கேட்டாள். ஊருக்கே தைத்துக் கொடுக்கிறேன், நீ எதைக் கேட்கிறாய் என்றேன். திரையை என் பக்கம் திருப்பினாள். என் கடிதம், அச்சு எழுத்தில். அடியில் இங்கிலீஷிலும் இருந்தது. அதற்கும் கீழே கண்காணாத தேசங்களிலிருந்தெல்லாம் நாற்பத்தோரு பேர் சிரித்த முகம் போட்டிருந்தார்கள். கூடப் படிக்கிறவர்கள் இவளைப் பார்க்கும்போதெல்லாம் "இன்னைக்கு மழை நேராவா, சாய்ஞ்சா?" என்று கேட்கிறார்களாம்.

இரண்டு நாள் என்னோடு பேச்சு இல்லை. நடுவில் என் வீட்டுக்காரர்தான் தூது. உன் பேத்தி சீப்பைக் கேட்கிறாள் என்பார். எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்பேன். ஒரே அறையில் மூன்று பேரும் இருந்துகொண்டு இந்தக் கூத்து. மூன்றாம் நாள் மனிதர் வேலையை ராஜினாமா செய்துவிட்டு நடக்கப் போய்விட்டார்.

சட்டை வந்து சேர்ந்தது. தையலில் தப்பில்லை, படம்தான் பொய் சொல்லியிருக்கிறது. வீட்டுக்காரருக்குப் போட்டேன், எல்லாப் பொத்தானும் எட்டியது. அவர் உங்களைவிட இருபத்தைந்து வயசாவது மூத்தவராக இருப்பார். தெரிந்துகொள்ளுங்கள்.

இவ்வளவும் கோபத்தில்தான் எழுதுகிறேன். ஒரே ஒரு இடத்தில் மட்டும் கோபம் வரமாட்டேன் என்கிறது. பார்க்காததைத் தேர்ந்தெடுக்க முடியாது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியை நாலைந்து தடவை படித்தேன். கண்ணால் பார்க்காத துணிக்கு நானே தைத்துத் தருகிற நாள் சொல்லி அனுப்பமாட்டேன்.

இருந்தாலும் கேட்கிறேன். அரைகுறையாகக் கொண்டுவந்து காட்டினால் நீங்களெல்லாம் சிரிக்கமாட்டீர்களா? அந்தப் பையனுக்கு வெட்கம் என்று ஒன்று கிடையாதா?

பாட்டி


மார்ச் 19

அம்மா,

மன்னித்துக்கொள்ளுங்கள். கடிதம் வந்தது என்று ஒரு வரி போட்டிருந்தாலே விதிக்குப் போதும். முழுசாகப் போட்டது, நூலோட்டத்தைப் பற்றி நீங்கள் எழுதியதை மற்றவர்களும் படிக்கவேண்டும் என்ற என் ஆசை. உங்களைக் கேட்காமல் செய்தது தப்பு. எடுத்துவிடுங்கள் என்று ஒரு வார்த்தை எழுதினால் அன்றைக்கே எடுத்துவிடுகிறேன்.

மரங்கொத்திக்கு வெட்கம் உண்டா என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் கடிதத்துக்குக் கீழே அவர் பதில் எழுதியிருக்கிறார். உங்கள் பேத்தி அதை உங்களுக்குப் படித்துக் காட்டியிருக்கமாட்டார் என்று தோன்றுகிறது. அப்படியே நகல் எழுதுகிறேன்:

"பாட்டி சொன்னது நூத்துக்கு நூறு சரி. நான் பையன் இல்லை, அது ஒண்ணுதான் தப்பு. எனக்கு முப்பத்தொன்பது வயசு. பகல்ல பஸ் ஓட்டுறேன், சாயங்கால வகுப்புல படிக்கிறேன், ரெண்டு பிள்ளைங்களுக்கு அம்மா. வீட்டுல கிடக்கிற மிச்சத் துணியிலதான் அதுங்களுக்குத் தைக்கிறேன். அதனால கொஞ்ச இடத்துல எப்படி அடக்குறதுங்கிறதே என் புத்தியில நின்னுடுச்சு. போன மாசம் சின்னவனுக்குக் கோடுபோட்ட சட்டை தைச்சேன். பாக்கெட்டுல கோடு மட்டும் படுத்துத் தூங்குற மாதிரி இருக்கு. ஏன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சது. ஊசிமுனை இதை எப்படிச் செஞ்சிருக்காங்கன்னு பார்க்க ஆசையா இருக்கு. காட்டுவாங்களா?"

இது வந்து ஒன்பது நாட்கள் ஆகின்றன. ஊசிமுனை இன்னும் பதில் போடவில்லை.

சிரிப்போமா என்றால், சிலசமயம் சிரிப்போம். நான் மாணவனாக இருந்தபோது அனுப்பிய முதல் திருத்தம் ஒன்பது தடவை திரும்பி வந்தது. அந்த ஒன்பது தடவையும் திருப்பி அனுப்பிய ஆள்தான் என் கல்யாணத்துக்கு முதல் ஆளாக வந்து நின்றார்.

இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது.

வழிகாட்டி


மார்ச் 27

தம்பி,

கடிதத்தை எடுக்கவேண்டாம், இருந்துவிட்டுப் போகட்டும். நாற்பத்தோரு பேர் இப்போது எழுபது பேர் ஆகிவிட்டார்களாம்.

பஸ்ஸையும் ஓட்டி, பிள்ளைகளையும் பார்த்து, படிக்கவும் செய்கிற ஒருத்தியைப் பையன் என்றேன், பார்த்து எழுதினவன் என்றேன். அவளிடம் பொதுப்பக்கத்திலேயே மன்னிப்புக் கேட்டுவிட்டேன். நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதினாள். திட்டினது பொதுவில் இருக்கும்போது மன்னிப்பு மட்டும் உறைக்குள் போகலாமா?

உங்கள் கடிதம் வந்த அன்று கடையை மத்தியானமே பூட்டினேன். பேத்தி கட்டிலில் கணினியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். அந்தப் பெண் காட்டுவாங்களா என்று கேட்டிருக்கிறாளே, நீ ஏன் பதில் போடவில்லை என்றேன். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்:

"நீதான காட்டாதேன்னு சொன்ன."

ஆமாம், நான்தான் சொன்னேன். விளக்கை ஏற்றிக் குடத்துக்குள் வைத்தது நான்தான். எதிர்க்கடைக்காரன் ஒரு கையைத் திருடினான் என்று முப்பத்தெட்டு வருஷம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்தக் கை அக்குளில் பிடிக்கிறது என்று சொல்ல ஒரு ஆள் எனக்கு வாய்க்கவில்லை, ஏனென்றால் நான் ஒரு ஆளுக்கும் காட்டவில்லை. வாடிக்கைக்காரிகள் சொல்லிக்கொள்ளாமல் வருவதை நிறுத்தினபிறகுதான் தெரிந்தது. அதையே இவளுக்கும் செய்து வைத்திருக்கிறேன்.

"நான் சொன்னது தப்பு. எடுத்து வெளியில போடு," என்றேன்.

"அரைகுறையா இருக்கு பாட்டி. சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். சிரிக்கிறவங்களுக்கு எது கோணல்னு தெரிஞ்சிருக்கும்ல. கேட்டுக்கோ."

அரைமணி நேரம் நகத்தைக் கடித்தாள். பிறகு கண்ணை இறுக்க மூடிக்கொண்டு ஒரு தட்டுத் தட்டினாள். நாலு மாதமும் ஒரு நொடியில் வெளியே போய்விட்டது.

மரங்கொத்தி அந்நேரம் வண்டியை நிறுத்திவிட்டு ஓய்வில் இருந்திருப்பாள் போல. ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. துணியை இரண்டாக மடித்துப் போட்டு அடுக்கச் சொன்னால், பேத்தி எழுதினது பாதி முதுகை மடிப்போரத்தில் வைக்காமல், முழு முதுகையும் இரட்டைத் துணிமேல் வைத்துவிடுகிறதாம். வெட்டினால் முதுகு இரண்டு வரும், முன்பக்கத்துக்குத் துணி இருக்காது. "இந்தச் சட்டை எங்க டிப்போ மேலாளருக்குச் சரியா இருக்கும், யாரு என்ன கேட்டாலும் அவர் முதுகைத்தான் காட்டுவார்" என்று எழுதியிருந்தாள். நான் பயந்துபோய்ப் பேத்தி முகத்தைப் பார்க்கிறேன், அவள் கட்டிலில் புரண்டு சிரிக்கிறாள். எங்கேயோ இடிக்கிறதே என்று இரண்டு மாதமாக இவள் தேடிக்கொண்டிருந்த பிழை அதுதானாம்.

அன்றிலிருந்து இரண்டும் ஓயாத பேச்சு. வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். துண்டுகளை இடத்தில் அடக்குவது மரங்கொத்தி. நூலோட்டம் பார்ப்பதும் கோடு சேர்ப்பதும் பேத்தி. அதற்காக இவள் தன்னுடைய அடுக்குகிற பாகத்தைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டாள். நாலு மாதத்தில் இரண்டரை மாதம் அதற்குத்தான் போயிருந்தது. வலிக்கவில்லையா என்று கேட்டேன்.

"அவங்களது இன்னும் நல்லா இருக்கு பாட்டி," என்றாள்.

எதிர்க்கடையைப் பற்றி என் வாயிலிருந்து அந்த வார்த்தை ஒருநாளும் வந்ததில்லை தம்பி.

விண்ணப்பம் நேற்றுப் போட்டாயிற்று. இருபத்திரண்டு பக்கம். இனி உங்கள் கையில்.

பாட்டி


ஏப்ரல் 3

அம்மா,

இனி என் கையில் இல்லை. உங்களோடு இத்தனை கடிதம் எழுதிவிட்டு இந்த இருவருக்கும் நான் மதிப்பெண் போடுவது முறையில்லை. மற்ற இரண்டு வழிகாட்டிகளிடம் சொல்லி விலகிக்கொண்டேன். இதையும் பொதுப்பக்கத்தில் போட்டாயிற்று.

அதிகம் நம்பிக்கை வைக்கவேண்டாம் என்று சொல்லவேண்டியது என் கடமை. ஆறு விண்ணப்பங்கள் வந்திருக்கின்றன. உலகம் முழுக்கப் பல மென்பொருள்களுக்குச் சேர்த்து நடக்கும் திட்டம் இது; அதில் எங்கள் மென்பொருளுக்கு இரண்டு இடம் கிடைக்கலாம், ஒன்றே ஒன்றும் கிடைக்கலாம். அதனால் மற்ற வழிகாட்டிகள் ஊசிமுனை, மரங்கொத்தி இருவரிடமும் ஒரே கேள்வி கேட்டார்கள்: மற்றவர் தேர்வாகாவிட்டால் உங்கள் பாகம் தனியாக நிற்குமா?

நிற்கும் என்று இருவருமே எழுதினார்கள், எப்படி என்றும் காட்டினார்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஊசிமுனை இன்னொரு வரி சேர்த்தார். "ஒரு இடம்தான்னா அவங்களுக்குக் குடுங்க. அடுக்காம கோடு சேர்த்து யாருக்கும் பிரயோஜனம் இல்லை."

அதற்குக் கீழே மரங்கொத்தி: "அவ பேச்சைக் கேட்காதீங்க. இடம் கிடைக்கலைன்னா எனக்கு என் பஸ் இருக்கு. அவளுக்கு என்ன இருக்குன்னு பாட்டி கடிதத்துல எல்லாரும் படிச்சீங்கல்ல."

பதினைந்து வருடமாக வழிகாட்டியாக இருக்கிறேன். ஒரே வேலைக்கு மோதிய இரண்டு பேர் இப்படிச் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. முடிவு என்னவென்று எனக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பது இவ்வளவு கஷ்டம் என்பது இந்த வருடம்தான் தெரிகிறது.

வழிகாட்டி


மே 1

தம்பி,

உங்களுக்குத் தெரிந்திருக்கும். இருந்தாலும் இங்கே நடந்ததை நான் சொல்லித்தான் நீங்கள் கேட்கவேண்டும்.

நேற்றுச் சாயங்காலம் ஆறு மணிக்குப் பட்டியல் வரும் என்றார்கள். ஐந்தரைக்கே என் மகன் அலுவலகத்திலிருந்து வந்துவிட்டான். கையில் மருத்துவமனையில் சேருவதற்கான படிவம். பேனாவையும் அதன்மேல் வைத்து மேசையில் வைத்தான். கெட்ட எண்ணம் இல்லை, அவன் எப்போதுமே இரண்டுக்கும் தயாராக இருக்கிற ஆள். மருமகள் அந்தப் பேனாவை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

ஆறு மணிக்குப் பக்கம் திறக்கவில்லை. உலகமே பார்க்கிறதாம், அதனால் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஆறு பத்துக்குப் பாதி திறந்தது. கத்தரி என்ற தலைப்பு, அதன் அடியில் ஊசிமுனை.

வீட்டுக்காரர்தான் முதலில் பார்த்தார். "இதோ இருக்கு, இதோ இருக்கு" என்று விரலால் திரையையே குத்தினார். நான் ஏதோ கத்தினேன், என்ன கத்தினேன் என்று ஞாபகமில்லை. மருமகள் அழுகிறாள். மகன் உட்கார இடம் தேடுகிறான்.

பேத்தி மட்டும் திரையை விடவில்லை. தன் பெயரைப் பார்த்தாள், தாண்டிப் போய்விட்டாள். கீழே தள்ளித் தள்ளித் தேடுகிறாள். கீழ்ப்பாதி வரவில்லை, வட்டம் சுற்றுகிறது. "வாடி, வாடி" என்று அந்தத் திரையோடு பேசுகிறாள். உனக்குக் கிடைத்துவிட்டதடி என்று நான் தோளைப் பிடித்து உலுக்கினேன். "இரு பாட்டி" என்றாள். அப்படியே இரண்டு நிமிஷம். அப்புறம் மீதிப் பக்கம் வந்தது. ஊசிமுனைக்கு அடுத்த வரியிலேயே மரங்கொத்தி.

அப்போது கத்தினாள் பாருங்கள். மாடிவீட்டுக்காரர் என்னவோ ஏதோ என்று இறங்கி வந்துவிட்டார்.

அடுத்த நிமிஷம் தொலைபேசி. மரங்கொத்தி. கடைசி நிறுத்தத்தில் வண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தாளாம். அவள் குதித்ததைப் பார்த்து வண்டியில் இருந்தவர்கள் எதற்கென்று தெரியாமலே கைதட்டினார்களாம். பேத்தியிடம் பத்து நிமிஷம் பேசினாள், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள், எப்படிக் காதில் விழுந்ததோ. பிறகு என்னைக் கூப்பிடச் சொன்னாள். "பாட்டி, என்னைத் திட்டி இன்னொரு கடிதம் எழுதுங்க, ராசியா இருக்கு" என்றாள்.

மகன் அந்தப் படிவத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். எல்லாரும் அடங்கியபிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். தையல்காரி மகனாகப் பிறந்து நாற்பத்தாறு வருஷத்தில் கேட்காததை நேற்றுக் கேட்டான். "நூலோட்டம்னா என்னம்மா?" அவன் போட்டிருந்த சட்டையையே இழுத்துக் காட்டினேன். பத்து வயசுப் பிள்ளை மாதிரி குனிந்து பார்த்தான்.

இன்னொரு விஷயம். இன்று காலையில் பேத்தியின் கணினியில் நானே உட்கார்ந்து உங்கள் மென்பொருளில் ஒரு சட்டை வரைந்து பார்த்தேன். காலரில் ஒரு கோளாறு இருக்கிறது. உங்களுக்கு எழுதலாம் என்று உறையை எடுத்தேன், முகவரிகூட எழுதிவிட்டேன். பிறகு யோசித்துப் பேத்தியைக் கூப்பிட்டு, எனக்கும் அங்கே ஒரு பெயர் போட்டுக் கொடு என்றேன். ஒற்றை விரலால் தட்டி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. புகார் எண் எழுநூற்றுப் பன்னிரண்டு. கோளாறு என்னவென்று இந்தக் கடிதத்தில் சொல்லமாட்டேன், அங்கே போய்ப் படித்துக்கொள்ளுங்கள்.

அதற்குள் மூன்று பேர் பதில் போட்டுவிட்டார்கள். அதில் ஒருத்தர், காலர் சரியாகத்தான் இருக்கிறது, நான் அளவெடுத்ததுதான் தப்பு என்கிறார். எனக்கு. அளவு. இந்த உறையை இப்போதே ஒட்டிவிடுகிறேன் தம்பி, அந்த ஆளுக்குப் பதில் எழுதவேண்டும்.

பாட்டி